அப்பாவின் தொங்கும் கால்

கொசு பேசுகிறேன். வயது இருபத்தேழு. இருக்கும் இடம் எங்கள் லேபின் பின்பக்க மாடிப்படி, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில். எல்லாரும் லிஃப்டில் போகிறவர்கள், அதனால் இங்கே யாரும் வரமாட்டார்கள்.

பேர், இடம், அப்புறம் விஷயம். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த அப்பா, அங்கே போனில் அப்படித்தான் பேச வேண்டும் என்பார். மோட்டார் சத்தத்தில் மற்றதெல்லாம் காதில் விழாதாம். வயதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். சின்னப் பையன், பயந்துபோய் உளறுகிறான் என்று அப்பா நினைக்கக் கூடாது. பயந்துதான் போயிருக்கிறேன். உளறவில்லை.

அக்கா, இதை நீ வாசித்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி அப்பா கையில் கொடு. அவருக்குக் காதுதான் போய்விட்டது, கண் நன்றாக இருக்கிறது. போனில் பேசிப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. தட்டி எழுத நேரமில்லை. அதனால் வாயால் சொல்லி போனை எழுத வைக்கிறேன். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இது கண்டதையும் எழுதுகிறது, ஆகவே செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே சொல்கிறேன், தப்பாக விழுந்தால் திருத்திவிட்டு அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அப்பாவை இன்றைக்கே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். ஏன் என்று சொல்லாவிட்டால் அவர் கட்டிலை விட்டு அசையமாட்டார். அதனால் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா, நீங்கள் வெளியூர் வேலைக்குப் போய் ரெண்டு மாதம் ஆகிறது. அக்கா உங்கள் பெண்டாட்டிதான், ஆனாலும் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். இன்றைக்குச் சாயங்காலம் வந்துவிடுவீர்கள் என்றாள். வண்டி ஓட்டப்போகிறவர் நீங்கள்தான் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அப்பாவின் வலது தொடையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். நாலு கடை தாண்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உடனே நின்று, கடை போர்டை வாசிக்கிற மாதிரி நடிப்பார். வலி அடங்கியதும் நடப்பார், மறுபடி அடுத்த போர்டு. அந்தத் தெருவில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார், எந்தத் தையல்காரர் எதைத் தைக்கமாட்டார் என்று அவருக்கு எல்லாம் மனப்பாடம். கடைசியில் டாக்டரம்மா அதே காலிலிருந்து ஒரு சிரையை உருவி எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையும் முழங்காலுக்குக் கீழே ஒரு முனையும் தைத்து, ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போட்டார். அறுவை நன்றாகவே நடந்தது. அப்பா போர்டு வாசிப்பதை விட்டார்.

நான் இங்கே பார்க்கிற வேலையும் இதே விவகாரம்தான். சிரை என்பது இதயத்துக்கு ரத்தம் திரும்பி வருகிற குழாய். அதில் அழுத்தம் ரொம்பக் குறைவு. மெல்லிசான சோம்பேறிக் குழாய். அதைப் பிடுங்கி, இதயத்திலிருந்து ரத்தம் பாய்ந்து வருகிற இடத்தில் வைத்துத் தைத்தால் முதல் துடிப்பிலேயே அதற்கு உயிர் போய் உயிர் வரும். தாங்குவதற்காகச் சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளும். தடிக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ஊதிக் கிழியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பிழைத்தோம். தெரியாமல் உள்பக்கமாகவே தடித்துக்கொண்டு போனால் வழி அடைந்துவிடும். எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லப் பார்ப்பதுதான் எங்கள் லேபின் வேலை.

இதை நான் வீடியோவில் விளக்கியபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா, மாமா?

"புகுந்த வீட்டுக்கு வந்த மருமக மாதிரின்னு சொல்லேண்டா. வர்றப்ப பூ மாதிரி இருப்பா. போடுற போட்டுல தோல் தடிச்சுப் போயிடும்."

"தடிச்சதோட நிறுத்தியிருக்கலாம்ல, இப்ப பாரு சமையல்கட்டையே அடைச்சுக்கிட்டு நிக்கிற" என்றாள் அக்கா.

அப்பா பின்னாலிருந்து கத்தினார். "குழாயைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. முப்பது வருஷம் குழாயோடதான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"அது உண்மைதான். எங்கூட நடத்தல" என்றாள் அம்மா.

அறுவை முடிந்து மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேனில், அப்படித் தைத்து வைத்த ஒட்டுக்குழாய் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு இடத்தில் குறுகியிருந்தது. பலூன் விட்டு விரித்துவிடலாம், சின்ன வேலைதான், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். வந்ததும் ஸ்கேன் சிடியை அக்காவிடம் கொடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

"ஊரான் காலையெல்லாம் பாக்குறான். பெத்தவன் காலைப் பாக்கமாட்டானா?"

வெளியாள் ஸ்கேனை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது. சொந்தக்காரர்களுடையது என்றால் கண்டிப்பாகக் கூடாது. எல்லாம் தெரிந்துதான் ஏற்றினேன். எதுக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று நினைத்தேன். கணக்கு ஓடி முடிந்து ஒரு கோடு வந்தது. குழாயின் அகலம் மாதாமாதம் எப்படி மாறும் என்று காட்டுகிற கோடு. முதலில் கீழே இறங்கியது, அடியில் கொஞ்ச நாள் படுத்திருந்தது, ஆறாம் மாதத்தை நெருங்கும்போது மேலே ஏறியது. தானாகச் சரியாகிவிடும் என்று அதற்கு அர்த்தம். அப்படி ஆவதும் உண்டு, நான் கதை விடவில்லை. குறுகிய குழாய் சில பேருக்குத் தானாகவே விரிந்திருக்கிறது.

அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். டாக்டரம்மா சொல்வதையும் கேளுங்கள் என்று சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. காது கேட்காத மனிதரிடம் மெதுவாகச் சொன்னால் சொல்லாத மாதிரிதான்.

அப்பா அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். அக்காதான் கூடப் போனாள், அவள்தான் எனக்குச் சொன்னாள். அப்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "உங்க பையன் டாக்டரா?"

"இல்லைங்கம்மா. டாக்டருங்களுக்கு சொல்லிக்கொடுக்கிறவன்."

"சந்தோஷம். நல்லா சொல்லிக்கொடுக்கட்டும். ஆனா இந்தக் குழாய் முழுசா மூடிக்கிச்சுன்னா அப்புறம் பலூனால பிரயோஜனம் இல்ல பெரியவரே. கால்தான் போகும்."

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லைங்க. ஆறு மாசம் வரைக்கும் பாத்துட்டு வந்துடறேன். கோடு மேல ஏறுது பாருங்க, இங்க பாருங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளிக்கும் காட்டினாராம். தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். தையல்காரர்கூட எனக்கு வாழ்த்து அனுப்பினார்.

இது ஐந்தாம் மாதம். முந்தாநாள் நாம் எல்லாரும் வீடியோவில் பேசினோமே, அப்போது அம்மா ஒரு தமாஷ் சொன்னாள்.

"உங்கப்பாவுக்குப் புதுசா ஒரு ஸ்டைல் வந்திருக்குடா. கால் ஒண்ணை கட்டிலுக்கு வெளிய தொங்கப்போட்டுக்கிட்டுதான் தூங்குறாரு, ராஜா மாதிரி. பாவமேன்னு எடுத்து மேல வெச்சா, தூக்கத்துலயே திட்டுறாரு."

"எந்தக் காலும்மா?" என்று கேட்டேன்.

"எந்தக் காலா இருந்தா என்ன? வலது கால்தான்."

"ஃபேன் காத்து பத்தலையாயிருக்கும்" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். தட்டைக் கழுவ எழுந்து, குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா, இதை நீங்களே வாசிப்பீர்கள் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். பம்ப் பலமிழந்தால் மேட்டுத்தெருவில் தண்ணீர் நின்றுவிடும். பள்ளத்தெருவில் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். படுக்கும்போது உங்கள் பாதத்துக்கு ரத்தம் வருவதில்லை, வலிக்கிறது. தொங்கப்போட்டால் சொட்டுகிறது, வலி குறைகிறது. நீங்கள் உங்கள் காலைப் பள்ளத்தெரு ஆக்கிக்கொண்டு தூங்குகிறீர்கள். இது ஸ்டைல் இல்லை. இதற்கு எங்கள் புத்தகத்தில் ஒரு தனிப் பக்கமே இருக்கிறது. ஒட்டுக்குழாய் கைவிட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் என் கோடு அப்படிச் சொல்லவில்லையே? என் கோட்டின்படி இந்த மாதம் குழாய் குறுகலாக இருந்தாலும் திறந்திருக்க வேண்டும். நேற்று லேபுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்து, அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே கோடு நேராக இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. ரெண்டு மாதமாக அது என் கண்ணில்தான் இருந்தது. நிலைக்கு வந்துவிட்டது, நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள எது ஸ்கேல் வைத்து வளரும்?

பக்கத்து மேஜையில் சோடாபுட்டி என்று ஒருவன் இருக்கிறான். கண்ணாடி அவ்வளவு தடிமன். நம் பாஷைக்காரன், எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னடா கொசு, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"இந்தக் கோடு ஏன் இங்க நேரா இருக்கு?"

குனிந்து பார்த்தான். "ஓ, அதுவா. அது தரை."

"என்ன தரை?"

"நமக்கு முன்னாடி ஒரு தாடிக்காரர் இருந்தாராம்ல, அவர் போட்டது. குழாய் ரொம்பக் குறுகிட்டா கணக்கு பூஜ்யத்தால வகுக்கற நிலைமைக்கு வந்துரும், ப்ரோக்ராம் பொசுக்குனு நின்னுரும். அதனால இதுக்குக் கீழ இறங்காதேன்னு ஒரு வரி எழுதி வெச்சாரு. பக்கத்துலயே 'தற்காலிகம்'னு குறிச்சும் வெச்சிருக்காரு பாரு."

"எப்ப எழுதின தற்காலிகம் இது?"

"நான் சேர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப நம்ம கணக்குல எந்தக் குழாயும் மூடவே மூடாதா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அதைத்தான் செய்வான். "மூடுற கேஸ் நம்மகிட்ட ஏதுடா? மூணாவது ஸ்கேனுக்கு வராதவங்களை எல்லாம் முழுமையில்லாத கேஸ்னு ஆரம்பத்துலயே எடுத்துட்டோமே."

"அவங்க ஏன் மூணாவது ஸ்கேனுக்கு வரல?"

 கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மாமா, நடந்தது என்ன என்றால் இதுதான். அப்பாவின் குழாய் கணக்கில் குறுகிக்கொண்டே போனது. தாடிக்காரரின் தரையில் போய் நின்றது. உண்மையில் அங்கே தரை கிடையாது, இன்னும் கீழே போயிருக்கும். ஆனால் கணக்குக்கு அது தெரியாது. இவ்வளவு குறுகிய வழியில் ரத்தம் சீறிப் பாய்வதாக அது நினைத்துக்கொண்டது. வேகமாகப் பாய்ந்தால் சுவர் விரிந்து கொடுக்கும் என்று விதி எழுதியிருக்கிறோம், அந்த விதி சரிதான். உடனே கோடு மேலே ஏறிவிட்டது. விழப்போகிற குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பார்த்தீர்களா தானாகவே எழுந்துவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்வது மாதிரி.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், முடிய ராத்திரி முழுக்க ஆயிற்று. சோடாபுட்டி தன் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கோடு இறங்கியது. தரை இருந்த இடத்தைத் தாண்டி இறங்கியது. பிறகு திரை சிவப்பாகி, கணக்கு நின்றுவிட்டது என்று ஒரு வாசகம் வந்தது. இதே சிவப்பை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பார்த்ததும் பிழை என்று சொல்லி அழித்துவிட்டு வேறு எண் போட்டு ஓட்டுவோம். இந்த முறை அழிக்கவில்லை. கணக்கு எந்த நாளில் நின்றது என்று நாள்காட்டியில் பார்த்தேன். போன வாரம்.

"இதுவும் கணக்குதானடா" என்றான் சோடாபுட்டி. "அது தப்புன்னா இதை மட்டும் ஏன் நம்புற?"

"இதை நம்பல. தொங்குற காலை நம்புறேன்."

இன்று காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன். அறைக்குள் கத்திப் பேச முடியாது என்று இதே படிக்கட்டுக்குத்தான் வந்தேன்.

"அப்பா, கால் வலிக்குதா?"

"என்னது?"

"கால்! கால் வலிக்குதா?"

"வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ சாப்ட்டியா?"

"மேல தூக்கி வெச்சா வலிக்குதா?"

இது மட்டும் அவருக்குக் கேட்டது.  "யார் சொன்னா? உங்கம்மாவா? அவளுக்கு வேற வேலை இல்ல."

"இன்னைக்கே டாக்டரம்மாகிட்ட போங்கப்பா."

"ஆறு மாசம்னு சொன்னவன் நீ. இன்னும் நாள் இருக்கு. உன் கோடு மேல ஏறட்டும்."

"அந்தக் கோடு தப்புப்பா."

"எவன் சொன்னான்? உங்க ஆபீஸ்ல எவனாவது சொல்லியிருப்பான். வயித்தெரிச்சல் புடிச்சவனுங்க. நீ அதைக் காதுல போட்டுக்காத."

"யாரும் சொல்லல. நான் சொல்றேன். நான் போட்ட கணக்கு தப்பு."

"நீ பயப்படுற. ஸ்கூல்லயும் அப்படித்தான், பரீட்சையை நல்லா எழுதிட்டு வந்து ஃபெயிலாயிடுவேன்னு அழுவ. பாஸாயிடுவ." பிறகு அவர் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "அந்தம்மா முன்னாடி போய், என் பையன் சொன்னது தப்பாப் போச்சுன்னு என்னை நிக்கச் சொல்றியா? நான் பாத்துக்கறேன். போனை வை, சார்ஜ் போயிடும்."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலி போன வாரம் வந்ததாக இருக்காது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். கோடு ஏறுகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். என் கணக்கு பொய்யாகிவிடக் கூடாது என்று.

உடனே அக்காவைக் கூப்பிட்டு, காலைப் பார் என்றேன்.

"ஒரு வாரமா சாக்ஸைக் கழட்டவே மாட்டேங்குறார்டா. குளிருதாம்."

"கழட்டிப் பாரு."

"கத்துவாரு."

"கத்தட்டும். கழட்டு."

அக்கா, நீ அனுப்பிய போட்டோவை நான் ஒரு முறைதான் திறந்தேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது என்று எழுதியிருந்தாய். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று நீயே பார்த்துவிட்டாய், நான் சொல்ல வேண்டாம். அம்மா தினமும் சாக்ஸுக்கு மேலேயே சுடுதண்ணீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாய். அம்மா, இனிமேல் வைக்காதே. ரத்தம் ஓடாத பாதத்தில் சூடு வைத்தால் வெந்துபோகும். உனக்குத் தெரியாது. தெரிந்த நான் பக்கத்தில் இல்லை.

நான் ஏன் கிளம்பி வரவில்லை என்று தையல்காரர்கூடக் கேட்பார். பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருக்கிறது, கையில் இல்லை. இருந்தாலும் நான் வந்து சேரும்வரை அந்தக் கால் காத்திருக்காது.

போட்டோவைப் பார்த்தபிறகு நேராகப் போய் எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லேபுக்கு அவர்தான் தலை. தரை, எடுத்துப்போட்ட கேஸ்கள், அப்பாவின் ஸ்கேன் எல்லாம். மேடம் முதலில் கேட்டது, "வெளியாள் ஸ்கேனை ஏத்தினது யாரு?" நான்தான் என்றேன். அட்டையை மேஜை மேல் வைக்கச் சொன்னார். கதவு திறக்கிற அட்டை. வைத்தேன். பிறகு போட்டோவைக் கேட்டார், காட்டினேன். அவர் முகம் மாறிப்போயிற்று.

"முதல்ல வீட்டுக்குப் பேசு. உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்குறேன்" என்றார்.

அதனால்தான் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அட்டை இல்லாமல் மேலே போகிற கதவு திறக்காது. கீழே இறங்கி வெளியேதான் போக முடியும். வேலை இருக்குமா, விசா வருமா, தெரியவில்லை. அதைப் பற்றி இப்போது பேசாதீர்கள். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் இதை வாசிக்கப்போகிறவரே அவர்தான். சரி, தெரியட்டும்.

இப்போது அக்காவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாராம். ஆறு மாதம் முடியட்டும் என்கிறாராம். மாமா வந்துகொண்டிருக்கிறாராம்.

அப்பா, இது உங்களுக்கு மட்டும்.

டாக்டரம்மா முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியது நீங்கள் இல்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற படத்தை எடுத்து அவரிடம் கொடுங்கள். பையன் போட்ட கணக்கு தப்பு, பையனே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று சொல்லி இதைக் காட்டுங்கள். அதில் எனக்கு ஒரு அவமானமும் இல்லை. அப்படியே இருந்தாலும் நான் ரெண்டு காலில் நின்று பட்டுக்கொள்வேன்.

பம்ப் ஹவுஸில் கேஜ் முள் கொஞ்சம்கூட ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் என்ன செய்வீர்கள்? அழுத்தம் சீராக இருக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்பட்டதில்லை. கேஜ் செத்துவிட்டது என்று ஓடுவீர்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவீர்கள். அந்தப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். கோட்டின் அடியில் ஒரு இடம் நேராக இருக்கிறது பாருங்கள். முள் நின்றுவிட்டது அப்பா. ரெண்டு மாதமாக நாம் ரெண்டு பேரும் செத்த கேஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழாயைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் இரும்புக்குழாய் இரவோடு இரவாகத் தடிக்காது. இது உயிருள்ளது. அதன் போக்கில் மூடிக்கொண்டுவிட்டது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு விரலும் திரும்பி வராது. பாதம் மிஞ்சுமா என்று எனக்குத் தெரியாது. சிவப்புத் திரைக்கும் தெரியாது. டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ அதுதான். அவர் எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னாலும் சரி என்று சொல்லுங்கள். என்னைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் வரை பார்க்கலாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கால் இல்லாமல் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டலாம். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

கடைசியாக எல்லாருக்கும். காலைத் தூக்கி உயரமாக வைக்க வேண்டாம், தொங்கியபடியே இருக்கட்டும். சூடு வைக்க வேண்டாம். அறுவை இருக்கலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். மாத்திரைகளையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில், ஒட்டுக்குழாய் மூடிவிட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள்.

எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இதை வாசிக்கிறவர் அக்காவோ, மாமாவோ, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. தயவுசெய்து அப்பாவை வண்டியில் ஏற்றுங்கள். இப்போதே.